கருப்பட்டியும் சீனிதான்!

கடையநல்லூர்ப் பக்கம் வெள்ளையாக இருந்தால் அதன் பெயர் சீனி. சர்க்கரை என்று சொன்னால் பெரியவர்களுக்கு வெல்லம்தான் ஞாபகம் வரும். பனையிலிருந்து வந்தால் கருப்பட்டி. அதிலேயே சுக்கைத் தட்டிப் போட்டுச் சின்னச் சின்னதாக வார்த்தால் சில்லுக்கருப்பட்டி. கட்டியாக மின்னினால் பனங்கற்கண்டு. இத்தனை பெயர்களும் வாய் வரைக்கும்தான். ரத்தத்தில் கூடிவிட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்: சுகர்!

இந்தப் பெயர் விளையாட்டில்தான் இன்று பல குடும்பங்கள் ஏமாந்துகொண்டிருக்கின்றன. "எங்க வீட்டுல சீனியே வாங்குறதில்ல, கருப்பட்டி மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். "வெள்ளைச் சீனி விஷம், நாட்டுச் சர்க்கரை மருந்து" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கருப்பட்டி காபிக் கடைகள். சீனி போட்ட டீயைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர், அங்கே வண்டியை நிறுத்தி நிம்மதியாக இரண்டு டம்ளர் கருப்பட்டி காபி குடித்துவிட்டுப் போகிறார்.

அவர் குடித்ததும் சீனிதான். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கோபத்தைவிட கண்ணும் காலும் சிறுநீரகமும் முக்கியம்.

வற்றக் காய்ச்சினால் மிஞ்சுவது என்ன?

கருப்பட்டி எப்படி வருகிறது என்று தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குகிறார்கள். அதை வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். பதநீரில் சுமார் 10 சதவீதம் இனிப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் போய்விட்டால் மிஞ்சுவது என்ன? அந்த இனிப்புத்தான். அதற்கு வேதியியலில் சுக்ரோஸ் என்று பெயர். கரும்பிலிருந்து எடுக்கும் வெள்ளைச் சீனிக்கும் அதே பெயர்தான்.

வெள்ளைச் சீனி ஏறக்குறைய முழுக்க முழுக்க சுக்ரோஸ். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதுவே. கூடவே கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், கொஞ்சம் ஈரம், சிறிதளவு தாது உப்புகள். தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் இனிப்பு, அதில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி. வெல்லத்தின் கணக்கும் அதை ஒட்டித்தான் நிற்கிறது.

குடலுக்குப் போனதும் சுக்ரோஸ் இரண்டாக உடைகிறது. ஒரு பாதி குளுக்கோஸ், மறு பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறுகிறது, ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது. உடைக்கிற நொதிக்கு இது பனையா, கரும்பா, இயற்கையா, பாரம்பரியமா என்றெல்லாம் கேட்கத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. வீட்டிலோ கடையிலோ ஆலையிலோ உணவில் சேர்க்கப்படும் இனிப்பு, தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் இருக்கும் இனிப்பு எல்லாம் ஒரே கணக்கு. அந்தக் கணக்கு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், அதாவது தலைதட்டிய 6 டீஸ்பூன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியும் இந்த அளவை ஒட்டித்தான் சொல்கிறது.

25 கிராம் எங்கே போய் முடிகிறது?

ஒரு கல்லூரி மாணவனின் சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் கேக், கல்யாண வீட்டு அல்வா எதுவும் இல்லாத நாள்.

காலையில் வீட்டு டீ. பதினொரு மணிக்கு கேண்டீன் டீ. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் ஒரு டீக்கு 8 முதல் 10 கிராம். மூன்று டீயில் 24 முதல் 30 கிராம். நாள் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது!

இதற்கு மேல் வெயிலுக்கு ஒரு நன்னாரி சர்பத். சிரப்பில் பாதிக்கு மேல் சீனி என்பதால் 40 மில்லி ஊற்றினாலே 20 கிராமுக்குக் குறையாது. சர்பத்துக்குப் பதில் கோலா குடித்தால் 250 மில்லி பாட்டிலில் சுமார் 25 கிராம். டீயோடு நாலு பிஸ்கட் என்றால் இன்னொரு 4, 5 கிராம். ஆக, இனிப்பு என்று எதையுமே சாப்பிடாத ஒரு நாளில் கணக்கு 50 கிராம் வாக்கில் வந்துவிட்டது.

இப்போது அந்த மூன்று டீயிலும் சீனியை எடுத்துவிட்டுக் கருப்பட்டி போடட்டும். என்ன மாறியது? நிறம் மாறியது, மணம் மாறியது, பில் மாறியது. கிராம் மாறவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், "இது நல்லதுதானே" என்ற தைரியத்தில் ஸ்பூன் இன்னும் கொஞ்சம் தாராளமாகிவிடும். இரண்டு டம்ளர் குடித்தவர் மூன்று குடிப்பார். கருப்பட்டி செய்யும் உண்மையான கெடுதல் இதுதான். வெள்ளைச் சீனியை அள்ளும்போது இருந்த பயத்தை அது எடுத்துவிடுகிறது.

"ஆனா அதுல சத்து இருக்கே!"

இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எல்லோரும் சொல்வது இரும்புச் சத்து. வெல்லத்தின் இரும்புச் சத்து மண்ணுக்கு மண், காய்ச்சும் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். தாராளமாக 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்பு 29 மில்லிகிராம். அதை வெல்லத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் தினமும் கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். இரத்தசோகை போவதற்குள் வேறு நோய் வந்துவிடும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பயறும் ஊரெல்லாம் கிடைக்கும்போது, இரும்புக்காக இனிப்பைத் தின்கிறேன் என்பது நாக்கு சொல்லும் சாக்கு.

அடுத்த வாதம் கிளைசிமிக் இண்டெக்ஸ். "கருப்பட்டிக்கு அது கம்மி, அதனால சுகர் ஏறாது" என்கிறார்கள். அந்த எண் ஓர் உணவு எவ்வளவு வேகமாக ரத்த சர்க்கரையை ஏற்றுகிறது என்பதைச் சொல்லும். மொத்தம் எவ்வளவு இனிப்பு உள்ளே போனது என்பதைச் சொல்லாது. மெதுவாக ஏறினாலும் ஏறியது ஏறியதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல், கையில் இருப்பது கருப்பட்டிதானா என்பதே. நல்ல கருப்பட்டி சீனியைப் போலப் பல மடங்கு விலை. விலையில் இத்தனை இடைவெளி இருக்கும் இடத்தில் கலப்படம் வராமல் இருக்குமா? வெள்ளைச் சீனியைக் கரைத்துக் கருப்பட்டியில் ஊற்றுவது தென் மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது சோதனை போட்டுப் பறிமுதல் செய்வதும் செய்திகளில் வருகிறது. சீனிக்குப் பயந்து கருப்பட்டிக்கு ஓடுகிறவர் பல நேரம் நாலு மடங்கு விலை கொடுத்து அதே சீனியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

"தாத்தா காலத்துல யாருக்கு சுகர் இருந்துச்சு?"

அடுத்து வருவது இந்தக் கேள்வி. தாத்தா கருப்பட்டிதான் சாப்பிட்டார், உண்மைதான். தாத்தா தறியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காலும் கையும் ஓய்வில்லாமல் வேலை செய்தார் என்பதும் உண்மை. கடையநல்லூர் ஒரு காலத்தில் கைத்தறி ஊர். தறி இல்லாதவர் வயலில் நின்றார், வயல் இல்லாதவர் பனை ஏறினார். கருப்பட்டி அவருக்கு நாள் முழுக்க மூன்று டம்ளர் காபி அல்ல. கையில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு ஒரு மடக்கு நீர்க்காபி. பண்டிகைக்குப் பலகாரம், மற்ற நாளில் கஞ்சி. பேரன் பைக்கில் போய் பைக்கில் வருகிறான். தாத்தாவின் வேலையை விட்டுவிட்டு அவருடைய கருப்பட்டியை மட்டும் எடுத்துக்கொண்டால் அவருடைய உடம்பு கிடைக்குமா?

இன்றைய நிலவரம் என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். ஏழு பேரில் ஒருவர்! இதற்கு இனிப்பு மட்டும் காரணம் இல்லை. பரம்பரை, எடை, உட்கார்ந்த வேலை, தட்டு நிறையச் சோறு, ராத்திரி பரோட்டா எல்லாமே சேர்ந்துதான் காரணம். ஆனால் இவற்றில் நாளைக் காலையே கையை வைக்கக்கூடியது டீ டம்ளரில் விழும் ஸ்பூன்.

அளவு மாறினால் என்ன நடக்கும்?

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே சீனிக்கு ரேஷன் வந்தது. ஒரு ஆளுக்கு நாளைக்கு 40 கிராம் சுற்றி. 1953 செப்டம்பரில் கட்டுப்பாட்டை எடுத்ததும் சாப்பிடும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வருடங்களிலும் ரேஷன் காலத்தில் இருந்த குழந்தைகளையும், கட்டுப்பாடு போன பிறகு பிறந்தவர்களையும் பல பத்தாண்டுகள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2024-ல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வந்தது. ரேஷன் காலக் குழந்தைகளுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ரேஷனில் கொடுத்ததும் சீனி, பிறகு தாராளமாகக் கிடைத்ததும் சீனி. யாரும் அங்கே பனைவெல்லத்துக்கு மாறவில்லை. மாறியது அளவு ஒன்றுதான்.

இனி தமிழ்நாட்டு ரேஷன் கடைக்கு வருவோருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அரிசி அட்டைக்கு ஆளுக்கு மாதம் அரைக் கிலோ, அதிகபட்சம் 2 கிலோ சீனி. நாலு பேர் குடும்பத்தில் ஆளுக்கு நாளைக்கு 16 கிராமுக்கு மேல். பரவாயில்லை, 25-க்குள் அடங்கும். ஆனால் சர்க்கரை அட்டை என்று ஒன்று இருக்கிறது. அரிசி வேண்டாம் என்பவர்களுக்கு அதற்குப் பதில் கூடுதலாக 3 கிலோ சீனி! மொத்தம் 5 கிலோ. அதே நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் ஆளுக்கு நாளைக்கு 41 கிராம். டீக்கடையும் பிஸ்கட்டும் சேராமலே.

பஞ்ச காலத்தில் சீனி அரிய பொருளாக இருந்தபோது இது சலுகை. ஏழு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் மாநிலத்தில் இது என்ன? 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற நல்ல திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. ஒரு கை மாத்திரை கொடுக்கிறது, இன்னொரு கை மானிய விலையில் மூன்று கிலோ கூடுதல் சீனி கொடுக்கிறது. சீனியை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கூடுதல் மூன்று கிலோவுக்குப் பதில் பருப்போ பயறோ சிறுதானியமோ கேட்டு வாங்கும் உரிமை இருந்தால் எந்த ஏழைக்கும் நஷ்டமில்லை.

பனைத் தொழிலாளி வயிற்றில் அடிப்பதா?

இந்தக் கேள்வி நியாயமானது. உயிரைப் பணயம் வைத்து ஏறும் வேலை அது. கருப்பட்டி விற்காவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

கருப்பட்டி விற்கட்டும். அதன் மணத்துக்காக, ருசிக்காக, பண்டிகைப் பணியாரத்துக்காக, உழைப்புக்கு உரிய விலையில் விற்கட்டும். கலப்படம் பண்ணுகிறவனைப் பிடித்தால் முதலில் பிழைப்பது பனைத் தொழிலாளிதான். ஆனால் அதை மருந்து என்று சொல்லி நோயாளியிடம் விற்பதற்கு அவர் பெயரைக் கேடயமாகப் பிடிக்க வேண்டாம். "சுகர் உள்ளவங்களும் சாப்பிடலாம்" என்று போர்டு எழுதுகிறவர் பெரும்பாலும் பனை ஏறுகிறவர் இல்லை, இடையில் நிற்கும் வியாபாரி.

அப்படியானால் என்னதான் செய்வது?

பெயரைப் பார்க்காமல் ஸ்பூனை எண்ண வேண்டும். அவ்வளவுதான். சீனி, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் ஒரே கணக்கு நோட்டில் வர வேண்டும். நாளைக்கு ஆறு ஸ்பூன். அந்த ஆறில் ஒன்றிரண்டைக் கருப்பட்டியாக வைத்துக்கொள்ள ஆசையா? தாராளமாக. ருசிக்கு ருசி, கணக்குக்குக் கணக்கு.

ஒரேயடியாக 'வித்தவுட்' டீக்குத் தாவினால் மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். இரண்டு ஸ்பூன் போடுகிறவர் ஒன்றரை ஆக்கலாம். இரண்டு வாரம் கழித்து ஒன்று. நாக்கு பழகிக்கொள்ளும். கொஞ்ச நாளில் பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கும்.

பக்கத்தில் புளியங்குடி, எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். வெயிலுக்கு எலுமிச்சையைப் பிழிந்து சீனிக்குப் பதில் கொஞ்சம் உப்புப் போட்டால் தாகம் அடங்காதா? பிரஷர் உள்ளவர்கள் அந்த உப்பையும் விட்டுவிடலாம். குற்றாலத்தில் சீசனுக்கு மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிகின்றன. பழத்தைப் பழமாகச் சாப்பிட்டால் நார்ச்சத்தோடு போகிறது; உலக சுகாதார நிறுவனத்தின் அந்தக் கணக்கிலும் அது வராது. அதையே ஜூஸ் போட்டு, மேலே நாலு ஸ்பூன் சீனி கொட்டினால் அது பழம் இல்லை, பழ வாசனை அடிக்கும் சீனித் தண்ணீர்.

நோன்பு காலமும் அப்படித்தான். பேரீச்சம்பழத்தில் நோன்பு திறப்பதில் தவறில்லை, கஞ்சி வயிற்றுக்கு இதம். அதற்குப் பிறகு வரிசையாக வரும் சர்பத்தும் ரோஸ்மில்க்கும்தான் பகல் முழுக்கக் காலியாக இருந்த வயிற்றில் ஒரு நாள் கணக்கை ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுகின்றன. முதல் டம்ளர் வெறும் தண்ணீராக இருந்தால் இரண்டாவது டம்ளருக்கான அவசரம் பாதி குறைந்துவிடும்.

பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். முன்பக்கம் "வெல்லம் சேர்த்தது", "தேன் சேர்த்தது" என்று சிரிக்கும். பின்பக்கம் சேர்க்கப்பட்ட சர்க்கரை எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்று எழுதியிருந்தால் எல்லாம் அதே குடும்பம்தான். எடை குறைக்க செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. ஆக அந்தக் குறுக்கு வழியும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைப் பெரிதாக மாற்றும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சுகர் இறங்கும் நேரத்தில் சீனியோ குளுக்கோஸோ உடனே கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் அது மருந்து.

ஸ்பூனை எண்ணுவது வீட்டு வேலை. வெளியில் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சிபிஎஸ்இ பள்ளிகளில் 'சுகர் போர்டு' வைக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உத்தரவு வந்தது. எந்தப் பானத்தில் எத்தனை ஸ்பூன் சீனி என்று பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வைப்பதுதான் அது. கடையநல்லூரிலும் தென்காசியிலும் பெரும்பாலான பிள்ளைகள் படிக்கும் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அது ஏன் கூடாது? ஒரு கரும்பலகையும் ஒரு சாக்பீஸும் போதுமே! கல்லூரி கேண்டீனில் சீனியைத் தனியாகக் கொடுங்கள் என்று கேட்க மாணவர் போராட்டமா வேண்டும்? பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் மாஸ்டர் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கும் சீனி மிச்சம்.

இதையெல்லாம் படித்துவிட்டு "கருப்பட்டிக்கு எதிரான கார்ப்பரேட் சதி" என்று யாராவது கிளம்பலாம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளுக்கோமீட்டர் உள்ள வீடாக இருந்தால் ஒரு நாள் காலையில் சீனி காபிக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கட்டும். மறுநாள் அதே அளவு கருப்பட்டி போட்டு அதேபோல் பார்க்கட்டும். ஒரு நாள் சோதனை பெரிய ஆராய்ச்சி ஆகாதுதான். ஆனால் அந்த மெஷினுக்கு வாட்ஸ்அப் கிடையாது. அது என்ன எண் காட்டுகிறதோ அதை அப்பாவிடமும் அம்மாவிடமும் காட்டிவிட்டு, அப்புறம் சதியைப் பற்றிப் பேசலாம்.